நியமன ஆணையை இலக்காக எழுதாதீர்கள்

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

மாவட்டத் தலைநகராகக்கூட இல்லாத ஓர் ஊரின் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். உங்களில் பலருடைய பெயர் தெரியாது, முகம் தெரியும். எந்த மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கக் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பீர்கள் என்று தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் ‘நாளைக்கு லீவுதானே சார்?’ என்று கேட்கும்போது உங்கள் குரல் இறங்குவதும் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். புத்தாண்டு வருகிறது. புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதப்போகிறீர்கள். அதை எழுதுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

அந்த முதல் பக்கம் எனக்குப் பழக்கமானது. நோட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவீர்கள். புத்தகம் அடுக்கப் போகும்போது கண்ணில் படும். மேலே ‘இந்த வருடம் வி.ஏ.ஓ.’ என்று இருக்கும். கீழே ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்ட டைம்டேபிள். காலை 4 மணிக்கு எழுந்திருப்பது, நாலே காலுக்குத் தமிழ், ஆறரைக்குக் கணக்கு என்று இரவு 11 மணி வரை நிரப்பியிருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அதில் கட்டம் கிடையாது. காய்ச்சலுக்குக் கிடையாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டோக்கன் வாங்கி உட்காரும் நாளுக்கும் கிடையாது. பொங்கல் முடிந்து நீங்கள் திரும்பி வரும்போது அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும், புது டைம்டேபிளோடு. மாசி மாதத்தில் நோட்டே மாறியிருக்கும். சிலர் வருவதையே நிறுத்தியிருப்பார்கள்.

நின்றுபோனவர்கள் எல்லாருமே சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். மனிதரால் நடத்த முடியாத ஒரு நாளைத் தாளில் வரைந்துவிட்டு, அதன்படி நடக்க முடியவில்லை என்பதற்காக ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று தங்களைத் தாங்களே தோற்கடித்துக்கொண்டவர்கள் அவர்கள். ‘வராது’ என்று சொல்லியிருக்க வேண்டியது டைம்டேபிளைப் பற்றித்தான்.

முதல் வரியிலிருந்தே தொடங்குகிறேன். ‘இந்த வருடம் வி.ஏ.ஓ.’ என்பது உங்கள் கையில் இருக்கும் இலக்கா? தேதிகளைப் பாருங்கள். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பதவிக்கான குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அடுத்த தேர்வு 2022 ஜூலை 24. நடுவில் 2020-உம் 2021-உம் தேர்வே இல்லாமல் போயின. 2020 புத்தாண்டில் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வரியை எழுதியவர், தன் பக்கம் ஒரு குறையும் இல்லாமலே இரண்டரை வருடம் காத்திருந்தார். 2022 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான் வந்தது. அந்த 2023-இலும் புதிதாகக் குரூப் 4 எழுத்துத் தேர்வு நடக்கவில்லை. பிறகு 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12. குரூப் 2 இன்னும் நீளம். 2022 பிப்ரவரியில் அறிவிக்கை. மே மாதம் முதல்நிலைத் தேர்வு. 2023 பிப்ரவரியில் முதன்மைத் தேர்வு. அதன் முடிவு 2024 ஜனவரியில். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு வருடம்.

இடங்களும் அப்படித்தான். 2022 குரூப் 4 அறிவிக்கையில் 7,301 இடம், 2024-இல் 6,244, 2025-இல் 3,935. பின்னால் கூட்டினார்கள் என்பது வேறு விஷயம். அதுவும் உங்களைக் கேட்டு நடக்கவில்லை. 2024-இல் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், 2025-இல் 11 லட்சத்துக்கும் மேல். உங்களை மிரட்டுவதற்காக இந்த எண்களைச் சொல்லவில்லை. தேர்வு எப்போது, இடம் எத்தனை, கட் ஆஃப் எவ்வளவு, முடிவு எந்த மாதம் ஆகிய எதையும் தீர்மானிக்க முடியாத நீங்கள், இவை அத்தனையும் கூடி வந்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்றை ‘இந்த ஆண்டு நான் செய்வேன்’ என்று எழுதுகிறீர்கள். டிசம்பரில் அது நடக்காதபோது பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள். இந்த அநியாயத்தை உங்களுக்கு வேறு யாரும் செய்தால் சும்மா இருப்பீர்களா?

உங்கள் கையில் இருப்பவை வேறு. குரூப் 4 தாளில் 200 கேள்வி. அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்துவதே இல்லை. ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்துப் பத்தாம் வகுப்பு வரை இலக்கணப் பகுதியை ஏப்ரலுக்குள் முடிப்பேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கு 25-இல் 11 சரியாகப் போடும் கணக்குப் பகுதியைப் பழைய கேள்வித்தாள்களை வைத்துப் பழகி ஆடிக்குள் 18-க்குக் கொண்டு வருவேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் முழுத்தாள் ஒன்றை மூன்று மணி நேரத்துக்குள் எழுதி, தவறிய கேள்விகளைத் திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன் என்பதும் அப்படியே. இவற்றைச் சின்ன இலக்கு என்று நினைக்காதீர்கள். வருடக் கடைசியில் செய்தேனா இல்லையா என்று ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல முடிகிற இலக்குகள் இவை. தேர்வே தள்ளிப்போனாலும் இந்த உழைப்பு உங்களோடு நிற்கும்.

அடுத்து நேரக் கணக்கு. கனடாவில் ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் ‘எத்தனை நாளில் முடிப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. ‘எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும்?’ என்றும் கேட்டார்கள். அதற்கும் 49 நாளுக்குள்தான் சொன்னார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். கெட்டது நடக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கே போதவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், இரவு 11 மணி வரை கட்டம் போடுகிற நமக்கு என்ன சொல்ல?

ஆகவே ஆசைக் கணக்கை விட்டுவிட்டு, போன மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறந்து உண்மையாகவே படித்த நேரம் எவ்வளவு? நூலகத்தில் இருந்த நேரத்தைக் கேட்கவில்லை, படித்த நேரத்தைக் கேட்கிறேன். வேலைக்குப் போகிறவர் என்றால் திங்கள் முதல் சனி வரை தினம் இரண்டு மணி, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி என்று வைத்தால் வாரம் 17 மணி நேரம். கல்யாணம், காய்ச்சல், திருவிழா, துக்கம் என்று எட்டு வாரத்தைக் கழித்துவிடுங்கள், எப்படியும் போகும். மிச்சம் 44 வாரம், 748 மணி நேரம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று எழுதியவரின் தாளில் 4,380 மணி நேரம் இருக்கும். ஆனால் அவர் பங்குனியில் நூலகத்தில் இருக்க மாட்டார். இந்த 748 உண்மையானது. உண்மையான எண்ணை வைத்துத்தான் எந்தப் பாடத்தை எடுப்பது, எதை இந்த வருடம் விடுவது என்று முடிவு செய்ய முடியும்.

எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு தங்கை இதைச் செய்கிறாள். பில் போடும் இடத்திலிருந்து ஆறரைக்கு வருவாள். கால் வீங்கியிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவாள். பிறகு கணக்கு நோட்டைத் திறந்து அன்றைக்கு எத்தனை முடியுமோ அத்தனை போடுவாள். பக்கத்தின் ஓரத்தில் தேதியும் சரியான விடைகளின் எண்ணிக்கையும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. தீபாவளி சீசனில் முழு மாதமும் அவளைப் பார்க்க முடியாது. திரும்பி வந்ததும் விட்ட பக்கத்திலிருந்து தொடங்குவாள், ஐப்பசியில் படிக்க முடியாது என்பதை அவள் சித்திரையிலேயே கணக்கில் எடுத்திருப்பதால். அவளுக்கு வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவள் போன வருடத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தவளாக இருக்கிறாள். அதை அந்த நோட்டே காட்டுகிறது.

உங்களிடம் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் உங்கள் ஆசையை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் மேல். டிசம்பர் வந்துவிட்டால் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஃபிளெக்ஸ் முளைக்கிறது. இந்த வருடம் உங்கள் வருடம், ஒரே முயற்சியில் அரசு வேலை, தூக்கத்தைத் தொலை, சொந்தத்தைத் தொலை, போனைத் தொலை என்கிறார்கள். வென்றவர்களின் படம் வரிசையாக இருக்கிறது. அதே வகுப்பில் அதே பணம் கட்டி, அதே புத்தகத்தைப் படித்துக் கிடைக்காமல் போனவர்களின் படத்தை எங்கே ஒட்டுவார்கள்? டெலிகிராம் குரூப்பில் ஒருவர் ‘இன்று 14 மணி நேரம்’ என்று போடுகிறார். கீழே நெருப்புப் படங்கள் குவிகின்றன. மூன்று மணி நேரம் ஒழுங்காகப் படித்த தம்பி அதைப் பார்த்துவிட்டுத் தான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று போனைக் கவிழ்த்து வைக்கிறான். அந்த மூன்று மணி நேரத்தின் மதிப்பை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். வகுப்புக்குக் கட்டப் பணம் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவச வகுப்பு நடத்துகிறது. போய்க் கேளுங்கள்.

இனி, சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்கிறேன். எப்போது நிறுத்துவது என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு ஆறு முயற்சி, 32 வயது; இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது முயற்சி, 35 வயது என்று ஓர் எல்லை இருக்கிறது. குரூப் 4-இல் முயற்சிக்குக் கணக்கு கிடையாது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினரில் தேவையான தகுதியைவிடக் கூடுதலாகப் படித்தவர்களுக்குப் பல பதவிகளில் உச்ச வயது வரம்பும் இல்லை. தாமதமாகப் படிக்க வந்த குடும்பங்களுக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில் வந்த விதி அது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் கதவு மூடாது என்பதாலேயே, எப்போது திரும்புவது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ‘ஒரு மார்க்கில் போச்சு’ என்பது அடுத்த வருடத்துக்குப் போதுமான காரணமாக இருக்கிறது. அடுத்த வருடம் ‘இடம் குறைஞ்சிடுச்சு’. அதற்கடுத்த வருடம் தேர்வே இல்லை. இப்படி 24 வயதில் வந்தவர் 33 வயதிலும் அதே மேசையில் இருக்கிறார். அவர் படிக்கிறார் என்றுதான் ஊர் நினைக்கிறது, அவரும் நினைக்கிறார். உண்மையில் படிப்பு எப்போதோ நின்றுவிட்டது. வீட்டில் ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஓர் இடமாக நூலகம் மிஞ்சியிருக்கிறது. அப்படிப்பட்டவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

நிறுத்துவது தோல்வி என்று யார் சொன்னது? படித்த அரசியலமைப்பும் வரலாறும் திறனறிவும் வங்கித் தேர்வுக்கோ, ரயில்வேக்கோ, தனியார் வேலைக்கோ, ஒரு டியூஷன் சென்டர் நடத்துவதற்கோ உங்களோடு வரும். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களும் ஜெயிக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை மனம் நொந்து கிடக்கும் ரிசல்ட் நாளில் எடுக்காதீர்கள். தெளிவாக இருக்கும் புத்தாண்டில் எடுத்து வையுங்கள். இத்தனை தேர்வு எழுதுவேன். அதற்குள் மாதிரித் தேர்வில் இத்தனை மதிப்பெண்ணைத் தொடவில்லை என்றால் முழுநேரப் படிப்பை விட்டு வேலைக்குப் போவேன், நேரம் கிடைத்தால் படிப்பேன் என்று எழுதுங்கள்.

தங்கைகளிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். உங்களில் பலருக்கு எல்லையை நீங்கள் வைப்பதில்லை, வீடு வைத்துவிடுகிறது. ‘ஒரு வருஷம் டைம் தர்றோம், அதுக்குள்ள பாஸ் பண்ணிடு, இல்லேன்னா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவோம்.’ நீங்கள் தலையாட்டிவிட்டு வந்து ‘இந்த வருடம் வி.ஏ.ஓ.’ என்று எழுதுகிறீர்கள். அந்த வரியை எழுத வைத்தது உங்கள் பேராசை அல்ல என்பது எனக்குத் தெரியும். வீட்டோடு பேரம் பேச வேறு வழி கிடைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன தேதிகளை எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டுங்கள். சில வருடங்களில் நடக்காமலே போகும் தேர்வுக்கு ஒரு வருடம் கொடுப்பது, கொடுக்காததற்குச் சமம். இது எந்த அப்பாவுக்கும் புரியும். டிஎன்பிஎஸ்சி வெளியிடும் ஆண்டுத் திட்டத்தைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘ஒரு வருஷம்’ என்பதை ‘இரண்டு தேர்வு’ என்று மாற்றிக் கேளுங்கள். மாற்றித் தராத வீடுகளும் இருக்கும். மாற்றித் தருகிற வீடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். பல வீடுகளில் யாரும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்ததில்லை.

தம்பிகளுக்கும் ஒன்று. வீட்டில் உங்களுக்கு யாரும் கெடு வைப்பதில்லை. அது சலுகையா, சுமையா என்று யோசித்துப் பாருங்கள். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து உங்கள் டெஸ்ட் பேட்ச் கட்டணத்தைக் கட்டுகிறார் என்றால், உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. ‘படிச்சிட்டிருக்கேன்’ என்ற ஒரே பதிலை வருடக்கணக்கில் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

தேர்வைத் தவிரவும் இந்த ஆண்டில் உங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. நண்பனின் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்து, பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகாமல் இருந்து மிச்சம் பிடித்த நேரத்தில் நீங்கள் என்ன படித்தீர்கள்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. வேலை கிடைத்த பிறகுதான் சிரிப்பேன், வேலை கிடைத்த பிறகுதான் உறவுக்காரர் முன்னால் போய் நிற்பேன் என்று ஒத்திப்போடாதீர்கள். ‘என்ன ஆச்சு உன் பரீட்சை?’ என்று சித்தப்பா கேட்பார். கேட்கட்டும். கணக்கில் 11-லிருந்து 15-க்கு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியாமல் போகலாம், ஆனால் நீங்கள் தலையைக் குனிய வேண்டியிருக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பொங்கலுக்கு முன்னால் ஒரு முழுச் சாயங்காலத்தை ஒதுக்குங்கள். படிக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, போன மாதம் உண்மையாகப் படித்த நேரத்தை எழுதுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, கூட்டி எழுத வேண்டாம். அந்த நேரத்தை வைத்து ஜூன் வரைக்கும் எதை முடிக்க முடியும் என்று எழுதுங்கள். டிசம்பர் வரை எழுதாதீர்கள், ஜூன் போதும், மீதியை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதி அந்த மதிப்பெண்ணைத் தேதியோடு குறியுங்கள். எத்தனை தேர்வு வரைக்கும் முழுநேரம் படிப்பீர்கள் என்று எழுதுங்கள். தேர்வோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் நடப்பதாக இருக்கலாம், மாதம் ஆயிரம் ரூபாய் சம்பாதிப்பதாக இருக்கலாம், அப்பாவோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிடுவதாகவும் இருக்கலாம்.

பிறகு அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். யாரிடம் என்பது உங்கள் விருப்பம். வீட்டில் யாருமே கேட்கமாட்டார்கள் என்றால் என்னிடம் வாருங்கள். வேறு ஊர்க்காரர் என்றால் உங்கள் ஊர் நூலகரிடம் போங்கள். காலையில் கூட்டம் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால், எங்களில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டோம்.

அன்புடன்,
ஒரு கிளை நூலகர்